களத்துமேட்டுக் கணக்கும் கிணற்றுமேட்டுக் கணக்கும்

பசுமைப் புரட்சி என்னும் தொடரைக் கேளாதார் இன்று இலர். பஞ்சத்தை ஓட்டியது அதுவே என்று போற்றுவோர் ஒரு சாரார். மண்ணையும் நீரையும் கெடுத்தது அதுவே என்று தூற்றுவோர் மற்றொரு சாரார். வரலாறு கற்பித்த ஆசிரியன் என்ற முறையில், இவ்வழக்கினை எங்கள் அவிநாசி வட்டாரத்தில் நின்று ஆராய விரும்புகிறேன். உயர் விளைச்சலின் வரவு களத்துமேட்டில் எழுதப்பட்டது; அதன் செலவு கிணற்றுமேட்டில் எழுதப்பட்டது. இரண்டையும் சேர்த்துப் படித்தாலன்றி நேர்மையான தீர்ப்புக் கிடைக்காது.

முதலில் வரவைப் பார்ப்போம். 1964-இல் மத்திய உணவு அமைச்சராகப் பொறுப்பேற்றவர், பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம். அடுத்த இரண்டு ஆண்டுகளும் நாட்டின் பல பகுதிகளில் மழை பொய்த்தது. அமெரிக்கக் கப்பல்கள் கொணர்ந்த கோதுமையை எதிர்பார்த்து நாடு காத்திருந்தது. அந்நிலையில், 1966-இல் மெக்சிகோ நாட்டிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமையை அவர் தருவித்தார். 1964-65-இல் 1 கோடியே 23 லட்சம் டன்னாக இருந்த கோதுமை விளைச்சல், 1970-71-இல் 2 கோடியே 38 லட்சம் டன்னாயிற்று. 1966-இல் பிலிப்பைன்ஸ் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஐ.ஆர். 8 நெல்லும் நம் வயல்களுக்கு வந்தது. நம் பழைய நெல் உயரமானது. உரம் மிகுதியாக இட்டால் கதிர்ப்பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். புதிய நெல் குட்டையானது. இட்ட உரத்தையெல்லாம் மணியாக்கி நிமிர்ந்து நின்றது. பசித்த வயிறுகளுக்குச் சோறிட்ட இச்சாதனையைச் சிறுமைப்படுத்துவது அறமன்று.

ஆனால் இவ்விதை மூன்றினைக் கேட்டது: உரம், பூச்சிமருந்து, தவறாத நீர். இம்மூன்றன் விளைவையும் முன்னுணர்ந்து உரைத்தவர் எதிர்ப்பாளர் அல்லர். அப்புரட்சியை முன்னின்று நடத்திய எம். எஸ். சுவாமிநாதன்தாம் உரைத்தார். கோவை வேளாண்மைக் கல்லூரியில் பயின்ற அவர், 1968 ஜனவரியில் வாரணாசியில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டில் பேசினார். மண்வளம் பேணாத தீவிரச் சாகுபடி, அளவற்ற மருந்துத் தெளிப்பு, நிலத்தடி நீரை வரைமுறையின்றி இறைத்தல், பல நாட்டு வகைகளுக்கு மாற்றாக ஓரிரு வகைகளையே பயிரிடுதல் ஆகியவை கேடு பயக்கும் என்று எச்சரித்தார். அமெரிக்க அதிகாரி வில்லியம் காட் என்பார் 'பசுமைப் புரட்சி' என்று பெயர் சூட்டியது அதே ஆண்டு மார்ச்சில். குழந்தைக்குப் பெயரிடும் முன்பே மருத்துவர் நோயைக் கூறிவிட்டார்!

இனிக் கிணற்றுமேட்டுக்கு வருவோம். அவிநாசி மேற்கு மலைத்தொடரின் மழைமறைவில் அமைந்த ஊர். அடியில் கடும்பாறை, அப்பாறையின் வெடிப்புகளில் தங்கும் சிறிதளவு நீரே கிணற்றின் முதல். முன்னாளில் கவலை இறைத்தனர். எருதுகள் சரிவில் இறங்க, சால் மேலேறி நீர் சொரியும். எருது களைத்தால் இறைப்பு நின்றது. இரவெல்லாம் கிணறு ஊறியது. விலங்கின் களைப்பே நீருக்குக் காவலாயிருந்தது. 1932-இல் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியபின் கோவை நாட்டில் மின்மோட்டார் பரவிற்று. மோட்டாருக்குக் களைப்பில்லை.

பருத்தியும் கரும்பும் வாழையும் மோட்டாரை நம்பின. உழவரின் வாழ்வே மின்கம்பியில் தொங்கிற்று. 1970 ஜூன் 19 அன்று, எங்கள் ஊருக்கு அணித்தான பெருமாநல்லூரில், மின்கட்டண உயர்வை எதிர்த்துத் திரண்ட உழவர்மீது காவலர் சுட்டனர், மூவர் மாண்டனர். கட்டணம் ஏன் உயிர்ப்பிரச்சினையாயிற்று என்பதைக் கிணற்றின் ஆழத்தை அறிந்தவரே அறிவர். 1990-இல் தமிழக அரசு உழவர் அனைவர்க்கும் பாசன மின்சாரத்தை இலவசமாக்கிற்று. மின்சாரம் இலவசமாயிற்று, ஆழம் இலவசமாகவில்லை. திருச்செங்கோட்டுத் துளையிடும் வண்டிகள் வந்து ஆயிரம் அடிக்கும் கீழே பாறையைக் குடைந்தன. கடன் வாங்கித் துளையிட்டுப் புழுதியை மட்டும் கண்ட குடும்பங்களை நான் அறிவேன்.

கிணறு வற்றியதற்குப் புதிய விதை ஒன்றே காரணம் என்று நான் சொல்லேன். ஆலைகளும் சாயப்பட்டறைகளும் பெருகிய நகரங்களும் அதே பாறையிலிருந்துதான் உறிஞ்சின. ஆயினும், இந்நாட்டு மழைக்கேற்ற சோளமும் கம்பும் கொள்ளும் காடுகளைவிட்டுக் குறைந்தது பெரும் இழப்பேயாகும். 1964-இல் வெளிவந்த குட்டையான வீரியச் சோளத்தில் மணி மிகுந்தது, தட்டுக் குறைந்தது. மணியை மட்டும் எடைபோட்ட தராசில் காங்கேயம் காளையின் தீனி ஏறவில்லை.

முதலையுண்ட பாலகனைச் சுந்தரர் மீட்டார் என்று புராணம் பேசும் ஊர் அவிநாசி. முதலை வாழும் அளவுக்கு நீர்நிலை இருந்ததாகக் கதை சொல்லும் ஊரில், குளங்கள் பல ஆண்டுகள் வறண்டு கிடந்தன. அரை நூற்றாண்டுக்கும் மேலாக மக்கள் வேண்டிய அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்குக் கீழே பவானியின் உபரிநீரை, ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி. அளவில், 1,045 நீர்நிலைகளுக்கு ஏற்றிக் கொணர்வது அதன் நோக்கம். மகிழத்தக்க செய்தியே. எனினும் உபரி என்பது ஆற்றில் மிகுந்தால்தான் உண்டு. குளத்தில் தங்கும் நீர் கிணற்றுக்கு வரவு. அவ்வரவைக் கண்டதும் செலவைக் கூட்டினால் பழைய கடனே மீளும்.

ஆகவே, நேயர்களே, விதையைப் பழிப்பதும் வேண்டா, வழிபடுவதும் வேண்டா. ஒரு மூட்டை விளைந்தது என்று சொல்லும்போதே, அதற்கு எத்தனை அடி நீர் இறங்கிற்று என்றும் கேட்கும் வழக்கம் நமக்கு வேண்டும். இச்சிறு கணக்கை உழவரும் மாணவரும் ஆள்வோரும் ஒருங்கே எழுதக் கற்றால், நம் பேரர்க்கு நிலத்தோடு நீரையும் விட்டுச் செல்லலாம். நீரில்லாத நிலப்பட்டா வெறும் தாளே.