தூரத்தை அறியக் கிட்டே போனவர்கள்



போர்க்கப்பலில் சுழலாமல் நிற்கும் தட்டையான ரேடாரைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அமெரிக்கக் கடற்படையின் ஸ்பை-1 அந்த வகை. அதன் ஒவ்வொரு முகத்திலும் 4000க்கும் மேற்பட்ட சிறு ஆன்டெனாக்கள். ஒவ்வொன்றும் தன் அலையை இம்மியளவு முன்பின்னாக விடும். அதனால்தான் கற்றை திரும்புகிறது. இதற்கு ஃபேஸ்டு அரே என்று பெயர். பல ஆன்டெனாக்கள் தாளம் தப்பினால், ஒரு பக்கம் வரும் விமானத்தை ரேடார் வேறு பக்கம் காட்டிவிடும். நடுக்கடலில் அது உயிர்ப் பிரச்சினை.

இதை எப்படிச் சரிபார்ப்பது? பழைய வழி, தொலைவில் நின்று அளப்பது. எவ்வளவு தொலைவு? அகலத்தின் வர்க்கத்தை இரண்டால் பெருக்கி அலைநீளத்தால் வகுக்க வேண்டும். அகலம் 3.7 மீட்டர், அலைநீளம் சுமார் 9 சென்டிமீட்டர். போட்டுப் பாருங்கள், 300 மீட்டர் வரும். அவ்வளவு பெரிய திறந்தவெளியில் தரையில் பட்டுத் திரும்பும் அலையும் மழையும் அளவைக் கெடுக்கும்.

கிட்டே நின்று அளக்கும் முயற்சி 1950களிலேயே தொடங்கியது. ஆனால் அளக்கும் சிறு ஆன்டெனா எல்லாத் திசை அலைகளையும் ஒரே மாதிரி வாங்குவதில்லை. அதன் குணமும் அளவில் கலந்துவிடும். அமெரிக்காவின் போல்டர் நகரில், தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் இருந்த டேவிட் கெர்ன்ஸ் 1963இல் இதற்கு வழி சொன்னார். குறையில்லாத கருவியைத் தேட வேண்டாம். கருவியின் குணத்தை முதலில் அளந்துகொண்டு, கணக்கில் அதை நீக்கிவிடலாம் என்பதே அந்த வழி. 1965இல் கூலியும் டூக்கியும் வெளியிட்ட விரைவுக் கணக்குமுறை கம்ப்யூட்டரின் வேலையைச் சுருக்கியது.

நியூஜெர்சியின் மூர்ஸ்டவுனில் ஆர்.சி.ஏ. நிறுவனம் ஸ்பை-1ஐ இப்படித்தான் கட்டடத்துக்குள்ளேயே சோதித்தது. சில அலைநீளத் தூரத்தில், அரை அலைநீளத்துக்கு மிகாத இடைவெளியில், புள்ளி புள்ளியாக அலையின் வலிமையையும் கட்டத்தையும் அளப்பார்கள். தொலைவில் கற்றை எப்படி இருக்கும் என்று கணக்கு சொல்லிவிடும். அதே எண்களைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் பிசகு எந்த இடத்தில் என்றும் தெரியும். திருத்தி, மறுபடி அளப்பார்கள். அந்த ரேடாருடன் டைகாண்டரோகா கப்பல் 1983இல் கடற்படையில் சேர்ந்தது.

இன்றைய 5ஜி கோபுர ஆன்டெனாக்களும் இந்த இனம்தான். சரக்கை நிறுக்குமுன் தராசை நிறுத்துப் பார்த்தவர் கெர்ன்ஸ். எந்தத் துறையில் இருந்தாலும் அந்தப் பழக்கத்தை விடாதீர்கள், பிள்ளைகளே.