தொலைந்த படம் பிறந்த கதை

பழஞ்சுவடி தேடும் பசியை யாழ்ப்பாணத்தாருக்கு விளக்கத் தேவையில்லை. வட்டுக்கோட்டை செமினரியில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை, தொட்டால் ஒடியும் ஏடுகளைத் தேடிப்பிடித்து ஒப்புநோக்கித்தான் 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். தலைமுறைக்கு ஒருவராவது உட்கார்ந்து படியெடுத்ததால் அந்த நூல் அவர் கைவரை வந்தது. ஊமைப்படத்துக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை.

அக்காலத்துச் சுருள் நைத்திரேற்றால் ஆனது. எரிய வேண்டிய ஒட்சிசன் அதற்குள்ளேயே இருப்பதால், பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் போட்டாலும் எரியும். எரியாமல் தப்பியது வெக்கையில் பிசுபிசுத்து, கடைசியில் பழுப்புத் தூளாகும். 1931இல் இந்தியப் படங்கள் பேசத் தொடங்கியதும் ஊமைப்படத்தைப் படியெடுக்கக் காசு செலவழிப்பார் இல்லை. மிஞ்சிய சுருள்களை வெள்ளிக்காகக் கரைத்தார்கள்.

மோட்டார் உதிரிப்பாக வியாபாரி நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்', தென்னிந்தியாவின் முதல் கதைப்படம். நன்றாக ஓடியது, இன்று ஒரு சுருள்கூட இல்லை. இலங்கையின் முதல் கதைப்படமான 'ராஜகீய விக்கிரமய' 1925இல் உருவாகி, இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் காட்டப்பட்டு, சொந்த நாட்டில் திரையேறுமுன் எரிந்துபோனது.

1933இல் திருவனந்தபுரத்தில் வெளியான 'மார்த்தாண்ட வர்மா'வின் விதி வேறு. படத்துக்கு மூலமான நாவலின் உரிமை பெற்றிருந்த கமலாலயம் புத்தக நிலையம் வழக்குப் போட்டது. படம் முடங்கி, சுருள் பதிப்பகத்தார் கைக்குப் போனது. 1974இல் புனே தேசியத் திரைப்படக் காப்பகத்துக்காக பி. கே. நாயர் அதைப் பெற்றார். ஓடிய படம் அழிய, வழக்கில் சிக்கிய படம் பிழைத்தது.

கனடாவின் டோசன் நகரிலும் இதே கூத்துத்தான். பட விநியோகத்தில் அது கடைசி ஊர். திருப்பி அனுப்பும் செலவுக்குக் கட்டாததால் சுருள்களைப் பழைய நீச்சல்குளத்தில் கொட்டி மண்ணால் மூடிவிட்டார்கள். 1978இல் தோண்டியபோது, உறைமண் காத்துவைத்த 500க்கு மேற்பட்ட சுருள்கள் வெளிவந்தன. பல, அடியோடு தொலைந்தவையென்று கைவிடப்பட்ட படங்கள்.

பழைய படம் சேகரிப்பவரை இழுப்பது இந்த முரண்தான். படம் எங்கே கொண்டாடப்பட்டது என்று அவர் தேடுவதில்லை. எந்த ஊரில் கடனுக்குப் பிடித்துவைத்தார்கள், எந்தக் கிடங்கில் எடுக்க ஆளில்லாமல் கிடந்தது என்றுதான் விசாரிக்கிறார்.