மட்டைக்குள் இருந்த செல்வம்

மணலும் பவளப்பாறையுமே நிலமாக அமைந்த மாலத்தீவில் நெல் விளைவதில்லை, இரும்பும் கிடைப்பதில்லை. ஆயினும் நெடுங்காலமாக அங்கிருந்து ஏமனுக்கும் இந்தியாவுக்கும் சீனத்துக்கும் சரக்குகள் சென்றுகொண்டிருந்தன. அவற்றுள் இரண்டு, பிறர் கழிவென்று எறிந்துவிடக்கூடிய பொருள்கள்.

கி.பி. 1343-இல் அத்தீவுகளுக்கு வந்து, அங்கே காழியாகவும் பணியாற்றிய பயணி இப்னு பதூதா, தாம் கண்டவற்றைப் பதிவு செய்திருக்கிறார். தேங்காயை உரித்தபின் எஞ்சும் மட்டையைக் கடற்கரைக் குழிகளில் ஊறப்போடுவர். நாரைப் பிணைத்திருக்கும் சதை அழுகி இளகியதும், கட்டைகளால் அடித்து நாரைப் பிரிப்பர். பெண்கள் அதைக் கயிறாகத் திரிப்பர். அக்கயிற்றால்தான் இந்தியாவிலும் ஏமனிலும் மரக்கலங்களின் பலகைகள் தைக்கப்பட்டன. ஆணி அடித்த கலம் பாறையில் மோதினால் உடையும். கயிற்றால் தைத்த கலமோ நெகிழ்ந்துகொடுத்துத் தப்பும் என்று அவர் காரணமும் கூறுகிறார்.

மற்றொன்று சோழி. கடலில் சேகரித்த சிறு உயிரிகளைக் குழியிலிட்டு, சதை மக்கியபின் எஞ்சும் வெள்ளை ஓட்டைத் திரட்டினர். வங்கத்தார் அதற்கு ஈடாக அரிசி தந்தனர். அங்கே அது நாணயமாகப் புழங்கிற்று. ஏமன் வணிகர்களோ மணலுக்குப் பதிலாகக் கப்பலின் அடிப்பாரமாகவும் அதை ஏற்றிச் சென்றனர். 11-ஆம் நூற்றாண்டிலேயே அறிஞர் அல்பீரூனி இத்தீவுகளைச் சோழித் தீவுகள், கயிற்றுத் தீவுகள் என்று இரண்டாகப் பிரித்துக் குறிப்பிட்டார்.

இறந்த ஆட்டைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதன் தோலைப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்ட செய்தியை நாம் அறிவோம். 1153-இல் இஸ்லாத்தைத் தழுவிய அத்தீவு மக்களின் அன்றாட உழைப்பிலும் அந்த அறிவு குடிகொண்டிருந்தது.

இன்றைய நிலை வேறு. 1992 முதல், தலைநகர் மாலேயின் குப்பை அருகிலுள்ள திலஃபுஷியின் கடற்கழியில் கொட்டப்பட்டு, அக்குப்பையின் மீதே ஒரு தீவு எழுந்தது. பல்லாண்டுகள் அங்கே எரிந்த நெருப்பின் புகை தலைநகர் மக்களின் மூச்சிலும் கலந்தது. அன்று தீவில் எஞ்சியவை அம்மண்ணும் கடலும் தந்த பொருள்கள். மக்கவும் மறுபயன் தரவும் வல்லவை. இன்று கப்பலில் வந்திறங்கும் நெகிழியை எந்தக் குழியில் ஊறவைத்தாலும் நார் கிடைக்காது.

ஆகவே முன்னோரின் கயிற்றைப் புகழ்வதோடு நம் கடமை முடிவதில்லை. ஒரு பொருளை வீட்டிற்குள் கொண்டுவருமுன், பயன்பட்டபின் அது என்னவாகும் என்று எண்ணிப் பார்ப்பதே அவர்களிடமிருந்து நாம் கற்கவேண்டிய பாடம்.