அரோசா மலைப்பாதையின் வரலாறு

சுவிற்சர்லாந்தின் கிழக்கே, கிரௌபுண்டன் மாகாணத்தில், ஷான்ஃபிக் என்னும் ஒடுங்கிய பள்ளத்தாக்கின் உச்சியில் அமைந்துள்ளது அரோசா. 1850ஆம் ஆண்டில் அங்கு வாழ்ந்தோர் 56 பேரே. கசநோய்க்குத் தக்க மருந்து காணப்படாத அந்நாளில், மலைக்காற்றும் வெயிலுமே அதற்குச் சிகிச்சை என மருத்துவர் கருதினர். 1888இல் அங்கு ஓர் ஆரோக்கியசாலை தோன்றியது. 1900இல் குடித்தொகை ஆயிரத்தைக் கடந்தது. எனினும், நெஞ்சு நோயுற்றவர்கள் குதிரை வண்டியிற் குலுங்கியே மலையேற வேண்டியிருந்தது. வைத்தியசாலைக்குச் செல்லும் வழியே நோயாளியை வருத்துவதாயின் என் செய்வது?

இக்குறையை நீக்கவே கூர் – அரோசா இருப்புப்பாதைக் கம்பெனி எழுந்தது. பாதையின் நீளம் ஏறக்குறைய 26 கிலோமீற்றர்தான்; ஆயினும் அதற்குள் 1,100 மீற்றருக்கு மேல் ஏறவேண்டும். பற்சக்கரத்தின் துணையின்றி, ஆயிரத்துக்கு அறுபது என்ற சரிவில் வண்டிகள் ஏறின. தொடக்க முதலே அவை மின்சாரத்தால் ஓடின. ஆதலால் அவற்றைப் புகையிரதம் என்பது பெயரளவிலேயே பொருந்தும். நிலக்கரி வளமற்ற அந்நாட்டுக்கு இது பெரும் நன்மையாயிற்று.

வேலையோ எளிதாயிருக்கவில்லை. பள்ளத்தாக்கின் சரிவுகள் உதிரும் பாறையாலானவை. லாங்வீஸ் என்னுமிடத்தில் ஆழ்ந்த பள்ளம் ஒன்று குறுக்கிட்டது. பாலங்கட்ட ஏற்ற கல் அருகில் இல்லை. மணலும் சரளையும் தாராளமாய்க் கிடைத்தன. எனவே பொறியியலாளர் கொங்கிறீற்றைத் தேர்ந்தனர். புகையிரதப் பாலத்திற்கு இவ்வளவு பெரிய அளவில் கம்பி வலுவூட்டிய கொங்கிறீற்றைக் கையாளுதல் அந்நாளில் துணிவான செயலே. அது இறுகும்வரை தாங்குவதற்கு, றிச்சட் கோறாய் என்னும் தச்சுக் கலைஞர் விசிறிபோல் விரிந்த மரச்சாரம் ஒன்றை எழுப்பினார். 1912இல் தொடங்கிய பாலம் 1914இல் முடிந்தது. அதன் நடுவளைவு 100 மீற்றர் அகலமுடையது. உயரம் 62 மீற்றர். கட்டிய காலத்தில் பாலத்தைவிடச் சாரத்தையே கண்டு வியந்தவரும் இருந்திருப்பர்.

1914 டிசெம்பர் 12ஆம் நாள் பாதை திறக்கப்பட்டது. ஆனால் அவ்வாண்டு யூலையிலேயே முதலாம் உலகப்போர் மூண்டுவிட்டது. பிறநாட்டு விருந்தினரை நம்பிப் போட்ட பாதைக்கு இதனினும் கொடிய தொடக்கம் வேறில்லை. போருக்குப் பின் பனிச்சறுக்கு விளையாட்டு அரோசாவிற்குப் புதிய விருந்தினரைக் கொணர்ந்தது. ஆயினும் முப்பதுகளின் பொருளாதார மந்தமும் அதன்பின் வந்த இரண்டாம் உலகப்போரும் மலைநாட்டுச் சிறு கம்பெனிகளை நெருக்கின. 1942இல் கூர் – அரோசாக் கம்பெனி ரேட்டியன் இருப்புப்பாதையுடன் இணைந்தது. பாதை திறந்தபின் அதன் தனிவாழ்வு 28 ஆண்டுகூட நிரம்பவில்லை.

பெயர் மறைந்தபின்னும் ஒரு வேறுபாடு நின்றது. தாய்ப்பாதையின் பிரதான தடங்களில் ஆடலோட்ட மின்சாரம் வழங்கியது. அரோசாப் பாதை நேரோட்டத்தையே தொடர்ந்து பயன்படுத்தியது. இதனால் ஒன்றின் மின்னெஞ்சின் மற்றதில் ஓட இயலவில்லை. 1997இலேயே அது மாற்றப்பட்டது. இன்றும் வண்டி கூர் நகரத் தெருக்களின் நடுவே, மோட்டார் வாகனங்களுக்கு அருகாக மெல்ல ஊர்ந்து சென்று, பின் பிளெசூர் ஆற்றோரமாக மலையேறுகின்றது.