பாடும் பணிப்பங்கீடும்: பழவேற்காட்டு முறை பற்றி ஓர் ஆராய்ச்சி

ஒரே உறுப்பைப் பல இயந்திரங்களுள் எதிலேனும் கடையவும் துளையிடவும் இயலுமாறு அமைக்கப்பெற்ற நெகிழ்வு உற்பத்தி ஆலைகளில், எவ்வேலையை எவ்வியந்திரத்திடம் ஒப்படைப்பது என்ற பிரச்சினைக்கு, அனைத்திற்கும் சமமான சுமையைப் பங்கிட்டளிப்பதே தக்க தீர்வென்று மேலோட்டமாக நோக்குவோர்க்குத் தோன்றும். ஆயினும், கேத்ரின் ஸ்டெக்கி, ஜேம்ஸ் சோல்பெர்க் ஆகிய இருவரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வு, இயந்திரங்களைச் சமமற்ற அளவுள்ள குழுக்களாகப் பிரித்து, பெரிய குழுவிலுள்ள ஒவ்வோர் இயந்திரத்தின்மீதும் சற்று மிகுதியான சுமையை ஏற்றும்போதே மொத்த உற்பத்தி உச்சமடையும் என்று கணித முறையில் காட்டியது. பெரிய குழுவில் ஒன்று வேலையில் ஈடுபட்டிருப்பினும் மற்றொன்று ஓய்ந்திருக்கும் வாய்ப்பு மிகுதியாதலின், அங்கே வரிசையில் காத்திருக்கும் காலம் குறைகின்றது என்பதே அதன் காரணம். ஆகவே ஆலையில் சமநிலை என்பது ஒரு சாதனமேயன்றி லட்சியமன்று.

இவ்வுண்மையைத் தலைகீழாகத் திருப்பி நிறுத்தும் பிரத்தியட்ச உதாரணம் பழவேற்காட்டு ஏரியில் உள்ளது. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரியாகிய இதன் பெரும்பகுதி ஆந்திரத்தைச் சேர்ந்ததெனினும், கடலோடு கலக்கும் தெற்கு முகத்துவாரம் தமிழகத்தில் அமைந்திருக்கின்றது. குஞ்சுகளாக ஏரிக்குள் புகுந்து வளர்ந்த இறால்கள், அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய நாட்களின் இரவில், வற்றும் ஓதத்தோடு கடலுக்குத் திரும்புங்கால், நீரோட்டத்தின் குறுக்கே கழி நட்டுக் கட்டிய சுத்து வலையில் அகப்படுகின்றன. முகத்துவாரத்தை அடுத்த இடங்கள் வளமானவை. உள்ளே செல்லச் செல்ல வளம் குன்றும். ஒருவன் வலை மற்றொருவன் வலைக்கு முன்னே நின்றால், பின்னவனுக்கு எஞ்சுவது சொற்பமே. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாக்குப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவ மீனவர்கள் இதற்குக் கண்ட ஏற்பாடே பாடு. செபாஸ்டியன் மேத்யு 1991-இல் ஐக்கிய நாட்டு உணவு வேளாண்மை நிறுவனத்துக்காக இதனை விரிவாக ஆராய்ந்து எழுதியுள்ளார்.

பாட்டின் நுட்பம் யாதெனில், அது ஏரியைச் சமமாகக் கூறுபோட முயல்வதில்லை என்பதே. இடங்கள் ஏற்றத்தாழ்வுடையன என்பதை ஒப்புக்கொண்டு, தலைக்கட்டுகளைச் சீட்டின் மூலமும் முறைவைப்பின் மூலமும் அவ்விடங்களினூடே மாறிமாறிச் செலுத்துகின்றது. இன்று வளங்குன்றிய இடத்தில் வலை கட்டியவனுக்குப் பிறிதொரு முறை நல்ல இடம் வாய்க்கும். ஓர் இரவில் இல்லாத சமத்துவம் பல முறைகளின் தொகுதியில் உண்டாகின்றது. இயந்திரத்திற்கு மனத்தாங்கல் இல்லையாதலால் ஆலை மொத்த விளைவை மட்டும் கருதலாம். மனிதர் கூடி வாழும் ஊரிலோ நியாயமே முதல் நோக்கமாகின்றது. மேலும், ஒரே நேரத்தில் வலை கட்டுவோர் தொகையைப் பாடு வரையறுப்பதால் நெரிசலும் தவிர்க்கப்படுகின்றது. நிரம்பும் நிலையை நெருங்கிய இயந்திரத்தின்முன் காத்திருப்பு பன்மடங்கு பெருகும் என்று வரிசைக் கோட்பாட்டினர் கூறும் விதியை அறிந்தவர்க்கு இக்கட்டுப்பாட்டின் மதிப்பு எளிதில் விளங்கும். இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் இத்தகைய சீட்டு முறை வழங்குவதும், அதற்கு 1958-இல் அரசே விதிகள் வகுத்ததும் ஈண்டு நினைக்கத்தக்கன.

இம்முறையை அப்பழுக்கற்றதென்று புகழ நான் துணியேன். சமத்துவம் எவருக்குள் என்ற வினா எஞ்சி நிற்கின்றது. பாட்டுரிமை பிறப்பாலும் ஊராலும் வரையறுக்கப்பட்டதாதலின், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் முதலியோர் அதன் வட்டத்துக்கு வெளியே நின்றனர். உரிமை கோரிய பிற ஊர்களோடு பூசல்களும் நேர்ந்தன. வெளியே நின்றோரைச் சேர்ப்பது தருமம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தலைக்கட்டுகள் பெருகப் பெருக ஒவ்வொருவனுக்கும் முறை வரும் இடைவெளி நீளும் என்பதையும் மறுக்க இயலாது.

எத்துணைச் சிறந்த பங்கீடும், அமைப்பின் மிகக் குறுகிய வாயில் அனுமதிப்பதற்கு மேல் ஒன்றையும் பெருக்கவியலாது. பழவேற்காட்டில் அவ்வாயில் முகத்துவாரமே. மணல் மேடிட்டு அது அடைபடும்போது ஓதமும் இல்லை, இறாலின் போக்குவரவும் இல்லை, பங்கிடுவதற்குப் பொருளும் இல்லை. ஆதலின் பாட்டு விதிகளைத் திருத்த முற்படுவோர், முகத்துவாரத்தை ஆண்டு முழுவதும் திறந்து வைப்பதை அரசின் முதற் கடமையாக வற்புறுத்திவிட்டு, அதன் பின்னரே பங்குகளின் எண்ணிக்கையைப் பேசப் புகுவார்களாக.