குழாய் இரண்டு, மலை ஒன்று!

சிறுவாணித் தண்ணி குடித்துப் பழகிய கோவைக்காரருக்கு வேறு தண்ணி தொண்டையில் இறங்காது! அந்த மலை நீரை ஊருக்குக் கொண்டுவரச் சொல்லி 19-ம் நூற்றாண்டிலேயே குரல் கொடுத்தவர் பத்திரிகையாளர் சே.ப.நரசிம்மலு நாயுடு. கனவு பலித்தது 1930 வாக்கில், நகராட்சித் தலைவர் ரத்தினசபாபதி முதலியார் முயற்சியில். (ஆர்.எஸ்.புரத்தின் 'ஆர்.எஸ்.' இவரேதான்!) 1973-ல் கேரளத்துடன் ஒப்பந்தம் போட்டு, 1984-ல் அணையும் எழுந்தது.

2016-ல் பருவமழைகள் ஏமாற்றின. 2017 கோடையில் சிறுவாணி அணையில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. குடமும் கையுமாக ஊர் தவித்தது. ஆனால், குழாய்கள் அடியோடு வறண்டுவிடவில்லை. காப்பாற்றியது, 1990-களில் போட்டு வைத்த பில்லூர் திட்டம். நீலகிரியில் குந்தா மின்நிலையங்களைச் சுழற்றிவிட்டு இறங்கும் தண்ணீர், பில்லூர் அணைக்குத்தான் வந்து சேர்கிறது. மின்சாரத்துக்காகத் தேக்கிய நீர், தாகத்துக்குக் கைகொடுத்தது!

'அப்பாடா' என்று சாய்ந்துவிடாதீர்கள். சிறுவாணி ஆறு போய்க் கலப்பது பவானியில். பில்லூர் அணை நிற்பதும் அதே பவானியில். 2024-ல் திறந்த மூன்றாவது பில்லூர் திட்டத்துக்கும் அந்த ஆறுதான் கதி. குழாயை எத்தனை வேண்டுமானாலும் கூட்டலாம். மேற்கு மலையில் தொடர்ந்து சில வருஷம் மழை பொய்த்தால், எந்தக் குழாயைத் திறப்பது?