இரண்டு கொடிவழிகள்

தமிழிலக்கியம் பயின்றவர்களுக்குக் கொடிவழி என்றவுடன் செப்பேடுகள்தாம் நினைவுக்கு வரும். திருவாலங்காட்டுச் செப்பேடு சோழர் குலத்தைச் சூரியனில் தொடங்கி இராசேந்திரன் வரை சொல்லிக்கொண்டு வருகிறது. அவ்வரிசையில் வெற்றிகளும் கொடைகளும் உண்டு, நோய்களுக்கு இடமில்லை. மருத்துவர்கள் வரையும் கொடிவழியோ நோய்க்காகவே வரையப்படுவது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோயுற்றவருக்கு உள்ளே கறுப்பு, இறந்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு. அப்படத்தைக் குடும்பத்தாரோடு அமர்ந்து வரைந்து, அதன் பொருளை அவர்களுக்கு விளக்குபவரை மரபணு ஆலோசகர் என்கிறோம்.

இத்தொழிலின் வரலாற்றைப் படிக்கப் புகுந்தபோது ஒரு செய்தி என்னை நிறுத்தியது. இருபதாம் நூற்றாண்டில் ஒரே நோயின் கொடிவழி இருமுறை பெரிய அளவில் வரையப்பட்டிருக்கிறது. சதுரங்களும் வட்டங்களும் ஒன்றே. வரைந்தவர்களின் நோக்கம் வேறு.

அந்நோயின் பெயர் ஹண்டிங்டன் நோய். ஜார்ஜ் ஹண்டிங்டன் என்ற 22 வயது அமெரிக்க மருத்துவர் 1872இல் எழுதிய கட்டுரையால் அப்பெயர் நிலைத்தது. அவருடைய தந்தையும் பாட்டனாரும் நியூயார்க்கின் லாங் தீவில் மருத்துவம் பார்த்தவர்கள். சிறுவனாகத் தந்தையோடு சென்ற வழியில், தாயும் மகளுமாக இரு பெண்கள் உடல் வளைந்து நெளிய எதிரே வந்ததைக் கண்ட வியப்பும் அச்சமும் தம்மை விட்டு நீங்கவில்லை என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். பெரும்பாலும் 30 வயதுக்கும் 50 வயதுக்கும் இடையில் நோய் வெளிப்படும். கைகால்கள் தம் விருப்பில் ஆடத் தொடங்கும். நினைவும் அறிவும் குணமும் சிதையும். பெற்றோருள் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வர வாய்ப்பு சரிபாதி. நோயைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. நோய் தெரியவரும் வயதுக்குள் பலர் பிள்ளை பெற்றுவிடுகிறார்கள் என்பதுதான் இதன் கொடுமை.

முதல் கொடிவழியை வரையச் செய்தவர் சார்லஸ் டாவன்போர்ட். 1910இல் நியூயார்க் மாநிலத்தின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் இனமேம்பாட்டுப் பதிவு அலுவலகத்தை நிறுவியவர். மனித இனத்தைக் கால்நடைபோலத் தெரிந்தெடுத்துப் பெருக்கலாம் என்ற கொள்கைக்கு இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன் 1883இலேயே 'யூஜெனிக்ஸ்' எனப் பெயரிட்டிருந்தார். டாவன்போர்ட்டின் களப்பணியாளராகிய மருத்துவர் எலிசபெத் மன்சி வீடு வீடாகச் சென்று குடும்ப வரலாறுகளைத் திரட்டினார். 1916இல் இருவர் பெயராலும் வெளிவந்த ஆய்வில் 962 நோயாளிகள் இடம்பெற்றனர். உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தாள்கள் அக்குடும்பங்களுக்காக எழுதப்பட்டவை அல்ல. இத்தகையோர் பிள்ளை பெறாமல் தடுப்பது அரசின் கடமை என்பதை நிறுவவே அவை பயன்பட்டன.

அதன் விளைவுகளை உலகம் அறியும். 1927இல் கேரி பக் என்ற இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1933இல் நாஜி ஜெர்மனி இயற்றிய கட்டாயக் கருத்தடைச் சட்டம் ஒன்பது நிலைகளைப் பட்டியலிட்டது. அவற்றுள் ஹண்டிங்டன் நோயும் ஒன்று. அச்சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 4,00,000 பேர் கருத்தடைக்கு உள்ளாக்கப்பட்டனர். கறுப்பு நிரப்பிய ஒரு வட்டம் அறுவை அறைக்கான அழைப்பாணையாகவே மாறிவிட்ட காலம் அது.

மரபணு ஆலோசனை என்ற பெயர் இந்த நிழலிலிருந்துதான் வெளிவந்தது. 1947இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் டைட் நிறுவனத்தில் பொறுப்பேற்ற ஷெல்டன் ரீட், தம்மை நாடி வந்த குடும்பங்களோடு நடத்திய உரையாடலுக்கு அப்பெயரைச் சூட்டினார். இனத்தூய்மை வாடை வீசும் பழைய சொற்களை வேண்டுமென்றே விலக்கினார். இதில் ஒரு முரண் உண்டு. அந்நிறுவனம் சார்லஸ் டைட் என்ற தீவிர இனமேம்பாட்டுவாதி எழுதிவைத்த சொத்தில் உருவானது. 1933இல் ஹிட்லருக்குப் பாராட்டுக் கடிதம் எழுதியவர் அவர். அவருடைய பணத்தில் அமர்ந்துகொண்டுதான் ரீட், முடிவெடுக்க வேண்டியது குடும்பமே தவிர மருத்துவர் அல்லர் என்று எழுதினார்.

1969இல் நியூயார்க் அருகிலுள்ள சாரா லாரன்ஸ் கல்லூரியில் மெலிசா ரிக்டர் இதனை முதுகலைப் படிப்பாகத் தொடங்கினார். மரபியலோடு உளவியலும் கற்பிக்கப்பட்டது. வந்தவரை வழிநடத்தாமல், அவர் தம் மனத்தைத் தாமே அறியத் துணைநிற்க வேண்டும் என்ற கார்ல் ராஜர்ஸின் கருத்து இத்தொழிலின் அடிப்படை நெறியாயிற்று. எந்தப் பக்கமும் சாயாமல் ஒருவர் பேசிவிட முடியுமா என்ற ஐயம் அத்துறைக்குள்ளேயே உண்டு. கட்டளையிட்ட முந்தைய தலைமுறையின் வரலாற்றை அறிந்தால், இவர்கள் ஏன் அந்நெறியை அவ்வளவு இறுகப் பற்றினார்கள் என்பது விளங்கும்.

இரண்டாவது கொடிவழி வெனிசுவேலாவில் வரையப்பட்டது. மரக்காய்போ ஏரிக்கரை ஊர்களில் இந்நோய் மிகுந்திருப்பதை அந்நாட்டு மருத்துவர் அமெரிக்கோ நெக்ரெட்டே 1950களில் கண்டறிந்திருந்தார். 1979 முதல் அமெரிக்க உளவியலாளர் நான்சி வெக்ஸ்லர் தலைமையில் ஆண்டுதோறும் ஓர் ஆய்வுக்குழு அங்கே சென்றது. நான்சியின் தாய் லியனோர் இதே நோயால் 1978இல் இறந்தவர். ஆகவே, பதிவேட்டோடு வந்த அந்தப் பெண்ணும் ஒரு கொடிவழியில் வெண்மையா கறுப்பா என்று தெரியாத வட்டமாக நின்றவர்தான். ஆய்வுக்காகத் தம் தோலையும் வெட்டிக் கொடுத்திருந்தார். மாதிரி கொடுக்கத் தயங்கிய ஊர்மக்களிடம் அவருடைய கையிலிருந்த தழும்பைக் காட்டியபோது தயக்கம் குறைந்தது என்பர்.

18,000க்கும் மேற்பட்டோர் அக்கொடிவழியில் இடம்பெற்றனர். ஏறத்தாழ 4,000 பேர் குருதி கொடுத்தனர். அதன் துணையோடு 1983இல் ஜேம்ஸ் குசெல்லாவின் குழு, மரபணு நான்காம் குரோமோசோமில் இருப்பதற்கான அடையாளத்தைக் கண்டது. மேலும் பத்தாண்டுகள் கழித்து, 1993இல் மரபணுவே கிடைத்தது. சி, ஏ, ஜி என்ற மூன்றெழுத்துத் தொடர் ஓரிடத்தில் 40 அல்லது அதற்கு மேற்பட்ட முறை திரும்பத் திரும்ப வந்தால், ஆயுள் இருக்குமானால், நோய் வந்தே தீரும்.

1986 முதலே, உறவினர்களின் குருதியையும் ஒப்பிட்டு முன்கூட்டிச் சொல்லும் சோதனைகள் தொடங்கியிருந்தன. சோதனை வந்தால் செய்துகொள்வோம் என்று அதற்கு முன் கருத்தாய்வுகளில் பலர் சொல்லியிருந்தனர். வந்தபின், பெரும்பாலான நாடுகளில் ஐவரில் ஒருவர்கூட முன்வரவில்லை. வெளியேறும் வழியற்ற அறிவை என்ன செய்வது?

சிலப்பதிகாரத்தில் கண்ணகி தான் கண்ட தீக்கனவைத் தேவந்தியிடம் சொல்கிறாள். கேட்டவுடன் தேவந்தி பரிகாரம் சொல்கிறாள். இன்ன குளங்களில் நீராடி, காமவேள் கோட்டம் தொழலாம் என்கிறாள். அது பெருமையன்று என மறுத்துவிடுகிறாள் கண்ணகி. வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போதெல்லாம் தேவந்தியின் அவசரம் எனக்கு இயல்பானதாகவே தோன்றும். துயரைக் கேட்டவர் ஏதேனும் ஒரு தீர்வைச் சொல்லிவிடத்தான் துடிப்பார். தீர்வே இல்லாத நோயின் முன் அமரும் ஆலோசகர் அத்துடிப்பை அடக்கக் கற்றவர். ஏன் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள், தெரிந்தபின் யாரிடம் சொல்வீர்கள், இப்போது வேண்டாம் என்று தோன்றுகிறதா என்று மட்டும் கேட்கிறார். நோய் இல்லை என்ற முடிவைப் பெற்றவர்களிலும் சிலர், உடன்பிறந்தார் தப்பவில்லையே என்ற குற்ற உணர்வில் உழல்வதால், நற்செய்திக்குப் பின்னும் அவர் காத்திருக்கிறார்.

1994இல் வெளியான பன்னாட்டு நெறிமுறைகள் இந்த அனுபவத்தை விதிகளாக்கின. சோதனை முழு விருப்பத்தின் பேரிலேயே நடக்க வேண்டும், முன்னும் பின்னும் ஆலோசனை வேண்டும், சிறுவர்களுக்குச் செய்யலாகாது, உரியவரின் எழுத்து மூலமான இசைவின்றி முடிவை எவரிடமும் சொல்லலாகாது. அறியாதிருக்கும் உரிமை என்ற ஒன்று அறிவியலின் நடுவிலேயே ஏற்கப்பட்டது. நான்சி வெக்ஸ்லரும் தாம் சோதனை செய்துகொண்டாரா என்பதைப் பொதுவில் சொல்லாமலே பல ஆண்டுகள் கழித்தார். 2020இல், தம் 74ஆம் வயதில், நோய் தமக்கும் வந்திருப்பதை வெளியிட்டார். அதை எப்போது சொல்வது என்பதை அவரே முடிவு செய்தார். 1916இன் 962 பேருக்கு அது வாய்க்கவில்லை.

இரண்டாவது கொடிவழி குறையற்றது என்று முடித்துவிட எனக்கு மனமில்லை. ஏரிக்கரை மக்களின் குருதியால் கிடைத்த மரபணுவைக் கொண்டு செல்வ நாடுகளில் சோதனைகள் நடக்கின்றன. அவர்களுடைய வறுமையோ பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. 1999இல் அங்கே நோயாளிகளுக்கென ஓர் இல்லம் திறக்கப்பட்டது. 2017 மே மாதம் வெனிசுவேலாக் குடும்பங்கள் சிலவும் வாட்டிகன் சென்று போப் பிரான்சிஸைச் சந்தித்தன. இந்நோயை இனி யாரும் மறைக்க வேண்டியதில்லை என்று அவர் சொன்னார். கொடுத்ததற்கு இவை ஈடாகா. தன் விருப்பத்தை மதிப்பதோடு ஆய்வாளரின் கடன் தீர்ந்துவிடுகிறதா என்று அம்மக்கள் கேட்டால், மரபணு ஆலோசகரின் நோட்டில் அதற்கு விடை இருக்குமா என்பது ஐயமே. ஆனால் அக்கேள்வியை உட்கார்ந்து கேட்கும் ஒருவரேனும் இம்முறை அங்கே இருந்தார். அவர் கையிலும் ஒரு தழும்பு இருந்தது.